நீர்மனிதனின் பானைகள்

பால்பெட்டியில் அச்சடித்த திகதியைக் கண்ணாடி இல்லாமல் வாசிக்க முடியாத வயதுக்கு நாங்கள் எல்லோரும் வந்துவிட்டோம். யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். சின்னப் பிள்ளைகளாக இந்த ஜெர்மன் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, அலுவலகம் அலுவலகமாய் அப்பா அம்மாவுக்கு மொழிபெயர்த்துக்கொண்டே பால்பல் விழுந்து வளர்ந்த எங்கள் கூட்டத்தைத்தான் சொல்கிறேன். இப்போது நாங்கள் கூடினால் முழங்கால் நோவைப் பற்றியும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும்தான் கதை. இன்றைக்கு அதை விடுங்கள். நான் வேறொன்று சொல்லப் போகிறேன்.

போன கிழமை என் மகள் ஒரு நாவலைச் சோபாவில் குப்புறப் போட்டுவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள். எடுத்துப் பார்த்தேன். அட்டையில் சட்டை போடாத ஒரு பொடியன், தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நிற்கிறான். அவன்தான் நிக்ஸாம். நிக்ஸ் என்றால் ஆற்றுக்குள் வாழும் நீர்மனிதன். ஹம்பூர்க்கில் பள்ளிக்கூடம் போகிறானாம். கதாநாயகியைக் காதலிக்கிறானாம். அவன் முத்தம் கொடுத்தால் அவளுக்குத் தண்ணீருக்குள் மூச்சு முட்டாதாம். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஒரு காலத்தில் பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து தள்ளி வைக்கச் சொன்ன கதை, இப்போது பிள்ளைகளைத் தண்ணீருக்குள் வா வா என்று கூப்பிடுகிறது.

சிரித்து முடிந்த பிறகு கதிரையில் அப்படியே இருந்துவிட்டேன். எனக்குப் பத்து வயதாயிருந்த கோடையில், எங்கள் வீட்டில் ஒருவர் இந்த நீர்மனிதனை உண்மையாகவே தேடிப் போனார். அவர் என் மாமி.

அம்மாவுக்கு ஒரே ஒரு தம்பி. ஊரில் கிணற்றுக்குள் வாளி விழுந்தால் மற்றவர்கள் பாதாளக்கரண்டியைக் கயிற்றில் கட்டி இறக்கி, அதன் கொளுக்கிகளால் துழாவி எடுப்பார்கள். மாமாவோ தானே குதித்து மூழ்கி எடுத்து வருவார் என்று பெயர். கல்யாணம் முடிந்த கையோடு அவரையும் மாமியையும் எல்லை கடத்திவிடும் ஏஜென்சிக்காரனிடம் ஒப்படைத்து அனுப்பினார்கள். மாதக்கணக்காக அலைந்து, கடைசியில் போலந்துக்கும் ஜெர்மனிக்கும் நடுவில் எல்லையாக ஓடும் நைஸே ஆற்றுக்கு வந்திருக்கிறார்கள். அகலமான ஆறு இல்லை. பனி உருகி வெள்ளம் வரும் காலம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் விளங்கியிருக்காது. யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு ஆறு ஏது? கிணறு இருந்தது, கேணி இருந்தது, கடல் இருந்தது. தண்ணீருக்கு ஆழம் உண்டென்று தெரியும். நெஞ்சளவுத் தண்ணீர் ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடும் என்று தெரியாது. கிணற்றில் நிற்கிற மாதிரி நிற்கலாம் என்று மாமா முதலில் இறங்கினாராம். மாமியைக் கூட வந்த மற்றவர்கள் தலைமயிரில் பிடித்து இழுத்துக் கரையேற்றினார்கள். மாமாவைக் காணவில்லை. இரண்டு பக்கத்துப் பொலிஸும் தேடியும் உடம்பு கிடைக்கவில்லை.

அப்போது நாங்கள் டுசல்டோர்ஃபுக்குப் பக்கத்தில் ரைன் கரையோரமாக ஒரு சின்ன ஊரில் இருந்தோம். அப்பா ஒரு பேக்கரியில் தட்டுக் கழுவி, மாக் குழைத்து, அடுப்படிவரை முன்னேறியிருந்தார். மாமியை எங்கள் ஊர்ப் பதிவுக்குள் கொண்டுவர அவர் எத்தனை அலுவலகப் படி ஏறி இறங்கினாரோ, நான் அத்தனை படியும் ஏறி இறங்கினேன். வாய் பேச நான்தானே வேண்டும்.

மாமி வந்து என் அறையில் படுத்தார். இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயதிருக்கும். அழவில்லை. அதுதான் எல்லோருக்கும் பயம். காலையில் எழும்பி முகம் கழுவி, என் மேசைக்கு மேலே தொங்கிய சின்னக் கண்ணாடியில் பார்த்துக் குங்குமப் பொட்டை வட்டமாக வைப்பார். தாலியை எடுத்துச் சட்டைக்கு வெளியே விடுவார். நான் அதைப் படுக்கையில் கிடந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்தப் பொட்டுத்தான் வீட்டில் பிரச்சினை. உடம்பு கிடைக்காதவருக்குத் தர்ப்பைப் புல்லால் உருவம் செய்து கொள்ளி வைக்கலாம், பிறகு அந்தியேட்டிக் கிரியையும் செய்யலாம் என்று ஐயர் அப்பாவிடம் சொல்லியிருந்தார். அப்பா ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அந்தக் கதையை எடுத்தார்.

"தங்கச்சி, அவனுக்கும் ஒரு கதி வேணுமெல்லோ. இப்பிடி அந்தரத்திலை விட ஏலாது."

மாமி சோற்றைப் பிசைந்தபடி சொன்னார். "உடம்பைக் காட்டுங்கோ அண்ணை. நானே பொட்டை அழிக்கிறன். புல்லுக்குக் கொள்ளி வைக்க நான் புல்லையே கலியாணம் முடிச்சனான்?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தன் கோப்பையைப் பார்த்தார். தம்பிக்குக் கொள்ளி வைக்கவும் மனம் இல்லை, வைக்காமல் விடவும் பயம். 

இந்த நேரத்தில்தான் நான் நூலகத்தில் அந்தப் புத்தகத்தைக் கண்டேன். ஜெர்மன் ஆறுகளின் பழங்கதைகள். தடித்த பச்சை அட்டை, ஈரச் சுவரின் வாசம். நீங்கள் எல்லாம் அந்த வயதில் என்ன வாசித்தீர்களோ தெரியாது. எனக்கு அது உச்சந்தலையில் குளிர்தண்ணீர் ஊற்றியது போல இருந்தது. இந்த ஊரில் மரத்துக்குப் பெயர்ப்பலகை உண்டு, நாய்க்கு வரி உண்டு, குப்பைக்கு நாலு நிறத்தில் வாளி உண்டு. எல்லாம் அளந்து வைத்த நாடு. அந்த நாட்டு ஆறுகளுக்குள் ஆட்கள் இருக்கிறார்கள்! ஆலைக் குளத்துக்குள் நிக்ஸே என்ற நீர்ப்பெண் இருந்து தலை சீவுகிறாள். சந்தைக்கு வந்து எங்களைப் போலவே இறைச்சி வாங்குகிறாள். அவளை எப்படிக் கண்டுபிடிப்பது? பாவாடை விளிம்பைப் பார். எந்த வெயிலிலும் அது ஈரமாக இருக்கும். நீர்மனிதனுக்குப் பச்சைப் பற்கள். கோட்டின் இடது தொங்கல் சொட்டிக்கொண்டே இருக்கும். வருடத்துக்கு ஓர் ஆளை ஆறு கேட்கும், கொடுக்காவிட்டால் தானே எடுக்கும். ஒரு படத்தில் அவன் நீளத் தடியில் கொளுக்கி மாட்டி, கரையில் விளையாடும் பிள்ளையை இழுத்துக்கொண்டிருந்தான். அம்மாவிடம் காட்டினேன்.

"கோதாரி! உது பாதாளக்கரண்டியெல்லே!" என்றார் அம்மா.

அதற்குப் பிறகு நான் ரைன் கரையால் போகும்போது நடையே மாறிவிட்டது. கரி ஏற்றிய படகுகள் போகும், சைக்கிள்காரர்கள் மணி அடித்துப் போவார்கள், எல்லாம் வழக்கம்போலத்தான். ஆனால் அந்தச் சாம்பல் நிறத் தண்ணீர் என்னைத் தெரிந்து வைத்திருப்பதாக எனக்குப் பட்டது. பயம்தான். ஆனால் விட்டு ஓடுகிற பயம் இல்லை. கோயிலில் திரை விலகப் போகிற நேரத்தில் நெஞ்சு அடிக்குமே, அது.

மாமிக்கு ஜெர்மன் தெரியாது. பள்ளிவிட்டு வந்ததும் பல்கனியில் இருந்து நான் அந்தக் கதைகளைத் தமிழில் வாசித்துக் காட்டுவேன். என் தமிழும் அப்போது அரைகுறை. தெரியாத சொல்லுக்குக் கையைக் காலை ஆட்டுவேன். மாமி வெங்காயம் உரித்தபடி "ம்" கொட்டுவார். கேட்கிறாரா என்றே தெரியாது. ஒருநாள் நைஸே என்ற பெயர் வந்தது. அந்தப் பக்கத்து மக்கள் சொல்லும் கதையாம். அங்கே உள்ள நீர்மனிதன் மூழ்கினவர்களின் உயிர்களை விடுவதில்லை. ஆற்றின் அடியில் மண்பானைகளைக் கவிழ்த்து, ஒவ்வொன்றின் கீழும் ஒவ்வொரு உயிராய் அடைத்து வைத்திருக்கிறான்.

மாமியின் கத்தி நின்றது.

"திரும்ப வாசி."

வாசித்தேன்.

"கவிட்டோ வைச்சிருக்கிறான்?"

"ஓம் மாமி. கவிட்டுத்தான்."

"ஆரும் நிமித்தினால்?"

"உயிர் நீர்க்குமிழியாய் மேலை வரும். மேலை வந்து வெடிச்சால் விடுதலை."

"பிறகு எங்கை போகும்?"

"புத்தகத்திலை இல்லை மாமி."

மாமி எழுந்து குசினிக்குள் போனார். கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த பானை, சட்டி, தேத்தண்ணிக் கோப்பை, பேணி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாய் நிமிர்த்தி வைத்தார். சத்தம் வராமல், பிள்ளையைத் தூக்கி வைப்பதுபோல வைத்தார்.

அம்மா வேலையால் வந்து எல்லாவற்றையும் மறுபடி கவிழ்த்தார். அடுத்த நாள் மாமி நிமிர்த்தினார். அம்மா கவிழ்த்தார். அம்மாவுக்கு மூக்கின்மேல் கோபம். "என்ரை குசினியிலை வந்து எனக்கே புத்தி சொல்லுறாவோ? தண்ணி வடியாட்டில் சட்டி நாறுமெல்லோ!" என்று அப்பாவிடம் பொரிந்து தள்ளினார். மச்சாள்மாருக்குள் வழக்கமாக வருகிற சண்டை என்று அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. பொறுக்க முடியாமல் நான்தான் அம்மாவிடம் பானைக் கதையைச் சொன்னேன். அம்மா என்னை ஏசவில்லை. சிரிக்கவும் இல்லை.  கவிழ்ந்து கிடந்த கடைசிக் கோப்பையை அவரே நிமிர்த்தினார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்தப் பாத்திரமும் கவிழ்ந்திருக்கவில்லை. துடைத்துத் துடைத்து எனக்குக் கை ஓய்ந்தது. வீட்டுக்கு வந்தவர்கள் இது என்ன புதுப் பழக்கம் என்று கேட்டால், ஜெர்மன் பழக்கம் என்று அம்மா கூசாமல் சொன்னார். அதுவும் ஒரு விதத்தில் உண்மைதானே!

நூலகத்துப் பெண் எனக்கு இன்னொரு புத்தகமும் தந்திருந்தார். அப்போது புதிதாக வந்த சிறுவர் நாவல். அதில் நீர்மனிதன் ஒரு பெரிய துறைமுக நகரத்தில், பாலத்துக்குக் கீழே இருக்கிறான். மண்பானைக்குப் பதிலாக ஜாம் போத்தல்கள். மூடியில் ஆளின் பெயர் ஒட்டி, சுப்பர்மார்க்கெட் போல அடுக்கி வைத்திருக்கிறான். தன் அண்ணனை மீட்க ஒரு பெண்பிள்ளை இறங்கிப் போகிறாள். அதை வாசித்தபோது மாமி வாயைச் சுழித்தார்.

"ஜாம் போத்தலோ? உது சும்மா பொய். பழைய கதைதான் உண்மை."

ஆனால் ஓர் இடத்தில் மட்டும் என்னை நிறுத்தினார். அந்தப் பெண்பிள்ளை ஆற்றுக்குள் இறங்க முன்னம், நகரத்து நீச்சல்குளத்தில் அடிவரை மூழ்கப் பழகுகிறாள் என்று வரும் இடம்.

"அவள் கெதியாப் பழகினவளே?"

"ஓம் மாமி. ஒரு கோடைக்குள்ளை."

அகதி விண்ணப்பம் முடிவாகாதவர்களுக்கு அப்போது வேலை செய்ய அனுமதி இல்லை. நகரசபை தரும் சில்லறை வேலைகளை மட்டும் செய்யலாம். மாமிக்குக் கிடைத்தது ஊர் நீச்சல்குளத்தைத் துப்புரவாக்கும் வேலை. முதல் மாதம் சாதாரணமாகத்தான் வந்து போனார். குளோரின் வாசம் மட்டும் கூடவே வரும். பிறகு பார்த்தால் வேலையால் வரும்போது தலை நனைந்திருக்கும். பஞ்சாபிச் சட்டையின் விளிம்பால் படிக்கட்டில் தண்ணீர் சொட்டும். எனக்கு மயிர் கூச்செறிந்தது. வெயில் எறிக்கிறது, விளிம்பு ஈரம்! மாமி கொஞ்சம் கொஞ்சமாக நிக்ஸே ஆகிறார் என்று நினைத்தேன். இரவில் அவர் கால்விரல்களுக்கு இடையில் தோல் முளைத்திருக்கிறதா என்று போர்வையை விலக்கிப் பார்த்தேன். முளைக்கவில்லை. ஆனாலும் அவர் என் அறையில் மூச்சு விடுவதே எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது.

ஊர்ச் சனத்துக்கு வேறு அதிசயம். எங்கள் பக்கத்தில் கறிவேப்பிலையும் மரக்கறியும் விற்கிற கடைக்கார அக்கா ஒருவர் இருந்தார். அவர் கடையில் கருவாட்டைவிட ஊர்க்கதைதான் அதிகம் விலைப்படும். நீச்சல்குளத்துக்குப் பொறுப்பான பாடமைஸ்டர், மீசை வைத்த ஒரு நெட்டை ஜெர்மன்காரர், மாமியோடு தனியாகக் குளத்துக்குள் நிற்பதை அக்காவின் மகன் கண்டானாம். நானும் அம்மாவும் நிற்கிறோம் என்று தெரிந்துகொண்டே அக்கா வேறொருவருக்குச் சொன்னார்.

"புருஷன் போய் இன்னும் ஈரம் காயேல்லை. அவவுக்குத் தலை ஈரம். பொட்டு வேறை! இனி ஏன் பொட்டு எண்டு இப்ப விளங்குது."

அம்மா வாழைக்காயை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டார். வழி முழுக்க அழுதார். வீட்டில் அப்பாவிடம் சொன்னபோது அப்பாவின் முகம் கறுத்துப் போனது. மாமியிடம் நேரே கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

"நீ வா," என்றார் என்னைப் பார்த்து. "அந்த ஆளோடை எனக்குக் கதைக்க வேணும்."

பொதுமக்கள் நேரம் முடிந்து குளம் வெறுமையாக இருந்தது. கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள் நின்றோம். மாமி யாரோ மறந்துபோன நீல நீச்சலுடைக்குள், முழங்கால்வரை காற்சட்டை போட்டுக்கொண்டு, ஆழமான பக்கத்து விளிம்பில் நின்றார். பாடமைஸ்டர் தூரத்தில் ஏணியடியில் நின்று கறுப்பு ரப்பர் வளையம் ஒன்றை எறிந்தார். மாமி மூச்சை இழுத்தார். தலைகீழாகக் கவிழ்ந்தார். கால்கள் இரண்டும் ஒருமுறை மேலே தெரிந்தன, பிறகு தண்ணீர் மூடிக்கொண்டது. பச்சை வெளிச்சத்துக்குள் அவருடைய பின்னல் நெளிந்து நெளிந்து கீழே போனது. அடித்தளத்தை இரண்டு கையாலும் தடவித் தடவி, ஒவ்வொரு ஓடாகத் தொட்டுப் போனார். நான் என் மூச்சைப் பிடித்துப் பார்த்தேன். எனக்கு ஏலாமல் போனது. மாமி இன்னும் கீழேதான் இருந்தார்.

கிணறும் வேலியும் தவிர வேறு தெரியாமல் வளர்ந்த பெண். தண்ணீரில் புருஷனைப் பறிகொடுத்தவர். அவர் அங்கே கீழே எங்கள் வீட்டுத் தரையைத் துடைப்பதுபோல நிதானமாகத் துழாவிக்கொண்டிருந்தார். அப்பாவின் கை என் தோளை இறுக்கியது. என் வாழ்க்கையில் பிறகு நான் எத்தனையோ பெரிய கோபுரங்களையும் மலைகளையும் பார்த்துவிட்டேன். அந்தளவுக்கு எதற்கும் வாய் பிளந்து நின்றதில்லை.

பாடமைஸ்டர் எங்களைக் கண்டு, கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். அப்பா இறுக்கமாக நின்றார். கேட்க வந்ததை எல்லாம் மறந்துபோனாரோ என்னவோ, அந்த மனிதரே பேசினார். நான் மொழிபெயர்த்தேன்.

"அப்பா, அவர் சொல்லுறார், தனக்கு மாமியை நினைச்சாப் பயமாக் கிடக்காம். மேலை நீந்தப் பழகச் சொன்னால் மாட்டாவாம். கீழை போறதை மட்டும்தான் பழக்கச் சொல்லுறாவாம். வளையத்தை எடுத்துக்கொண்டு உடனை வராமல் அடியிலை தேடிக்கொண்டு நிக்கிறாவாம். என்னத்தைத் தேடுறா எண்டு உங்களைக் கேட்கிறார்."

 கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாமியின் தலை மேலே வந்தது. பெரிதாக மூச்சு இழுத்தார். மறுபடி கீழே போனார்.

"அவருக்கு நன்றி எண்டு சொல்லு," என்றார் அப்பா. 

வீட்டுக்கு வரும் வழியில் எல்லாவற்றையும் என்னிடம் கேட்டறிந்தார். பானை, குமிழி, ஜாம் போத்தல், எல்லாம். அன்று பின்னேரம் குசினியில் அம்மாவிடம் அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

"அவள் எங்களுக்குச் சொல்லாமல் ஒருநாளைக்குத் தனியப் போயிடுவாள். போனால் முடிஞ்சுது. அதுக்கு முன்னம் நாங்களே கூட்டிக்கொண்டு போவம்."

"உங்களுக்கும் விசரே?"

"உன்ரை தம்பியைத்தான் காப்பாத்த ஏலாமல் போச்சு. இவளையும் விடுறதோ?"

அகதி வழக்கு முடியாதவர்கள் அப்போது மாவட்டம் தாண்டவும் அனுமதி எடுக்க வேண்டும். வெளிநாட்டவர் அலுவலகத்தில் இருந்த பெண்மணி என்ன காரணம் என்று கேட்டார். இறந்தவருக்குச் சமயச் சடங்கு என்று நான் சொன்னேன். எங்கே புதைத்திருக்கிறது என்றார். ஆற்றில் என்றேன். அந்தப் பெண்மணி என்னைப் பார்த்தார், பிறகு மாமியின் பொட்டைப் பார்த்தார். முத்திரை குத்திக் கொடுத்தார்.

ஆவணி மாதம், பள்ளி விடுமுறை. அப்பாவின் பேக்கரிக் கூட்டாளியின் பழைய வான் வண்டியில் விடியவே வெளிக்கிட்டு, நாட்டின் மேற்கு ஓரத்திலிருந்து கிழக்கு ஓரத்துக்கு ஓடினோம். மாமி வழி முழுக்க யன்னல் பக்கம் திரும்பி இருந்தார். அம்மா இட்டலி கட்டி வந்திருந்தார், யாரும் தொடவில்லை. வெயில் சரியத் தொடங்கும் நேரத்தில் இடத்தை அடைந்தோம். மாமிக்கு எல்லைக் கம்பமும், கரையோரம் கிடந்த உடைந்த சீமெந்துச் சுவரும் நினைவிருந்தன.

நான் பெரிய ஆறு ஒன்றை நினைத்து வந்திருந்தேன். கீழே பார்த்தால் புல்லுக்கு நடுவில் பழுப்பாய் ஒரு தண்ணீர், சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. எதிர்க்கரையில் ஒரு போலந்துக் கிழவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய தொப்பியின் நிறம்கூடத் தெரிந்தது.

"இதுவே?" என்றார் அம்மா. "இவ்வளவு தானே? இதுக்குள்ளையே என்ரை தம்பி?" அப்படியே புல்லில் இருந்துவிட்டார்.

மாமி காலணியைக் கழற்றினார். அப்பா வானிலிருந்து உடுப்புக் காயப்போடும் நைலோன் கயிற்றை எடுத்துவந்து, ஒரு முனையை மாமியின் இடுப்பில் தானே கட்டினார். கட்டிவிட்டு இழுத்துப் பார்த்தார். "தங்கச்சி, நான் ரெண்டுதரம் இழுத்தால் உடனை மேலை வரவேணும். சத்தியம் பண்ணுங்கோ." மாமி தலையாட்டினார். வாயால் சொல்லவில்லை.

தண்ணீர் அவர் இடுப்புக்கு வந்தது. நெஞ்சுக்கு வந்தது. சுவருக்குப் பக்கத்தில் ஒரு வளைவு, அங்கே தண்ணீர் கறுப்பாக இருந்தது. மாமி ஒருமுறை எங்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கவிழ்ந்து கீழே போனார்.

வந்தார். போனார். ஒவ்வொரு முறையும் கையில் எதையாவது கொண்டுவந்து கரையில் வைத்தார். கல், மரத்துண்டு, நசுங்கிய தகரப் பேணி. பேணியை நிமிர்த்தி வைத்துவிட்டு மறுபடி போனார். போலந்துக் கிழவர் தூண்டிலை விட்டுவிட்டு எழுந்து நின்றார். அப்பா கயிற்றை விட்டு விட்டுப் பிடித்தார். அம்மா வாய்க்குள் தேவாரம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பயமே வரவில்லை. ஆற்றின் வாசலில் நிற்கிறேன், உள்ளே எங்கள் ஆள் போயிருக்கிறார், நீர்மனிதனின் வீட்டில் பானைகளை ஒவ்வொன்றாக நிமிர்த்துகிறார் என்று கண்முன்னே கண்டேன்.

பிறகு ஒருமுறை போனவர் வரவில்லை.

அப்பா கயிற்றை இழுத்தார். இன்னொரு தரம் இழுத்தார். கயிறு பாரமில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. முனை வெறுமையாக இருந்தது.

"ஐயோ என்ரை பிள்ளை!" என்று அம்மா எழும்பினார். அப்பா செருப்போடேயே தண்ணீருக்குள் பாய்ந்தார். அவருக்கு நீந்தத் தெரியாது. நெஞ்சளவில் நின்று கையால் தண்ணீரை அடித்தார். அப்போதுதான் நான் கண்டேன். வளைவின் கறுத்த தண்ணீரில் குமிழிகள். முதலில் சின்னதாய் இரண்டு மூன்று. பிறகு பெரிதாய் ஒன்று எழும்பி, வெயிலில் மினுங்கி, உடைந்தது.

பெரியவர்களின் பயம் எதுவும் எனக்கு விளங்கவில்லை. எனக்குத் தெரிந்தது புத்தகம் மட்டும்தான். நான் துள்ளித் துள்ளிக் கத்தினேன்.

"மாமா வாறார்! மாமா வாறார்! மாமி, மாமா மேலை வாறார்!"

தொண்டை கிழியக் கத்தினேன். எதிர்க்கரையில் கிழவர் தொப்பியைக் கழற்றினார்.

தண்ணீர் பிளந்து மாமியின் தலை வந்தது. முகமெல்லாம் மயிர் ஒட்டிக் கிடந்தது. அப்பா எட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மாமி மூச்சு வாங்கி வாங்கி நாலாபக்கமும் பார்த்தார்.

"எங்கை? எங்கை பிள்ளை?"

"அந்தா, அதிலை!" என்று காட்டினேன். அங்கே தண்ணீர் வெறுமனே போய்க்கொண்டிருந்தது. "போயிட்டார் மாமி. மேலை வந்தாப் பிறகு போயிடுவினம்."

மாமி அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அழத் தொடங்கினார். எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து வராத அழுகை, அந்த ஆற்றுக்குள் நின்று, அப்பாவின் தோளில் முகத்தை வைத்து வந்தது. அம்மாவும் இறங்கிப்போய்க் கட்டிக்கொண்டார். மூன்று பேரும் தண்ணீருக்குள் நின்று அழுதார்கள். பொட்டு எப்போதோ கரைந்துபோயிருந்தது. வானில் ஏறும்போது மாமி சொன்னார், "அண்ணை, ஐயரைக் கேளுங்கோ. செய்வம்."

செய்தோம். எல்லாம் முறைப்படி செய்தோம். கடைக்கார அக்காவும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். மாமியின் வழக்குச் சரிவந்த பிறகு, அவர் மொழி படித்து, நீச்சல்குளப் பொறுப்பாளர் வேலைக்கே அவுஸ்பில்டுங், அதுதான் தொழிற்பயிற்சி, செய்து முடித்தார். பிறகு ஒரு லொறிச் சாரதியைக் கல்யாணம் செய்தார். இரண்டு பிள்ளைகள். இப்போது ஸ்டுட்கார்ட் பக்கத்தில் இருக்கிறார்.

அப்பா மட்டும் அந்தக் கயிற்றை மறக்கவில்லை. "என்ரை முடிச்சுச் சரியில்லை, அவிண்டு போச்சு. ஒரு உயிர் என்ரை கையாலை போகப் பாத்தது," என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். நானோ, நீர்மனிதன்தான் அவிழ்த்தான் என்று கனகாலம் நம்பியிருந்தேன்.

மகளின் நாவலைப் பார்த்த அன்று மாமிக்குத் தொலைபேசி எடுத்தேன். பேரப்பிள்ளைக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தார். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"மாமி, அண்டைக்குக் கயிறு அவிண்டதோ?"

 பிள்ளை சிணுங்குவது கேட்டது.

"நான்தான் அவிட்டனான்," என்றார் மாமி. "அண்ணை பாவம். அவரின்ரை முடிச்சு இறுக்கம். அவிட்டு முடிக்க என்ரை மூச்சு முழுக்கப் போச்சு."

நான் தொலைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

"கீழை நல்ல குளிர் பிள்ளை. ஒரு சத்தமில்லை. தடவித் தடவிப் பாத்தன், ஒண்டுமில்லை. வெறும் சேறு. மேலை வந்து இனி என்ன செய்யிறது? இதிலையே இருப்பம் எண்டு இருந்திட்டன்."

"பிறகேன் வந்தனீங்கள்?"

"நீதானே கத்தினனி, மாமா வாறார் எண்டு. தண்ணிக்குள்ளை கேட்டுது," என்றார் மாமி. "அந்தாள் மேலை வாறாரெண்டால் நான் ஏன் கீழை நிப்பான்? பாக்க ஓடி வந்தனான்."